படமில்லாத ஆணி

(இளம் அறிவியல், கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதியது)

எங்கள் வீட்டு நடுச்சுவரில் இரண்டு ஆணிகள் உண்டு. ஒன்றில் என் தாத்தாவின் படம் தொங்குகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குவதற்காக எடுத்த சிறு படத்தைப் பிற்காலத்தில் பெரிதாக்கிச் சட்டம் போட்டது அது. மற்றோர் ஆணி எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வெறுமையாகவே இருந்தது. அது அப்பத்தாவுக்காக அடித்த ஆணி. அப்பத்தாவுக்குப் படமில்லை.

அப்பத்தா 1999ஆம் ஆண்டு காலமானார். நான் பிறந்ததோ அதற்கும் ஆறு ஆண்டுகள் கழித்து. ஆகவே அவர் முகம் எனக்குத் தெரியாது. அடையாள அட்டை ஒன்று இருந்ததாம். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியபோது பெட்டியில் இருந்த மற்றக் காகிதங்களோடு அதுவும் ஊறிப் போயிற்றாம். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று அப்பத்தாவுக்கென வாங்கிய சேலையை மடித்து, அந்த வெற்று ஆணிக்குக் கீழே பலகையில் வைத்துப் படைப்போம். அப்பா கண்ணை மூடிக் கும்பிடுவார். அவர் மனத்தில் ஒரு முகம் இருக்கும். எனக்குச் சேலை மட்டுந்தான் தெரியும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அந்த ஆணிக்கு ஒரு படம் கிடைத்தது. அது கிடைத்த விதத்தையே இங்கு எழுத முற்படுகிறேன். நம் துறையில் படிக்கும் ஒரு சிறு கருவி, ஒரு வீட்டின் இருபத்தைந்து ஆண்டுக் குறையைத் தீர்த்த கதை என்றும் இதைச் சொல்லலாம்.

சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் ஊரில் பெரிய வீடு ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டு அந்த வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம் நடந்தது. எங்கள் ஊரில் வீடியோ எடுத்த முதல் கல்யாணம் அதுதான் என்பார் அப்பா. அப்பத்தா அந்தக் கல்யாணத்திற்குச் சமையல் கூடத்தில் கைவேலைக்குப் போயிருந்தார். தோளில் கேமராவைச் சுமந்தபடி ஒருவர் வருவாராம். அவருக்கு முன்னால் ஒரு பையன் கண்ணைக் கூசவைக்கும் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பானாம். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கேசட் வந்தது. பெரிய வீட்டு முற்றத்தில் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்து ஊருக்கே போட்டுக் காட்டினார்கள். பந்தி வரும் இடத்தில் அப்பத்தா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போவதைப் பார்த்துக் கூட்டம் கொல்லென்று சிரித்ததாம். அப்பத்தா வெட்கம் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாராம். அப்போது அப்பாவுக்கு இருபத்திரண்டு வயது.

"ஒரே ஒரு தடவதான் பாத்தேன். ஆத்தா அதுல இருந்துச்சு. கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள போயிருச்சு" என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெரிய வீட்டார் பின்னர் ஊரை விட்டுப் போய்விட்டனர். சென்ற ஆண்டு வீட்டை விற்பதற்காகச் சாமான்களை ஒழித்தபோது, அந்த வீட்டுப் பிள்ளை ஒரு டிவிடி வட்டை அப்பாவிடம் கொடுத்தார். கேசட் பழுதாவதற்குள் 2008ஆம் ஆண்டிலேயே அதை டிவிடியாக மாற்றி வைத்திருந்தாராம். "அண்ணே, இதுல ஒங்க அம்மா வர்றாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு" என்று அவர் கொடுத்த வட்டை, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் அப்பா. ஆடி அமாவாசைக்கு அப்போது ஒன்பது நாள்கள் இருந்தன.

"ஆத்தா, இதுலேர்ந்து ஒரு போட்டா எடுக்க முடியுமா?" என்று என்னைக் கேட்டார். எங்கள் பக்கத்தில் பெற்ற மகளையும் 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். தம் தாயையும் அவர் அப்படித்தான் கூப்பிட்டார். மூன்று ஆண்டுகளாகக் கணினி படிக்கும் மகள், "முடியாது" என்று எப்படிச் சொல்வாள்?

இருப்பது பழைய வட்டு. அதன் முதுகில் கீறல்களும் இருந்தன. படிக்கப் படிக்க இன்னும் கீறல் விழுந்தால் உள்ளதும் போய்விடும். எனவே முதலில் வட்டில் இருந்ததை முழுவதும் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில் படியெடுத்துக்கொண்டேன். டிவிடியில் ஒளிப்பதிவு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் அளவுள்ள துண்டுகளாகவே கிடக்கும். அவற்றை ஒரே கோப்பாக இணைத்தேன். மொத்தம் 2 மணி 40 நிமிடம் ஓடக்கூடிய படம். வட்டை உறையிலிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதன்பின் செய்தவை எல்லாம் படியின்மேல் செய்தவையே. மூலத்தைத் தொடாதே என்பது இவ்வேலையின் முதற்பாடம்.

படத்தை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தித் திரையைப் படமெடுத்தால் போதாதா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் அரைமணி நேரம் அப்பாவும் நானும் அப்படியே பார்த்தோம். பூக்கள் கொட்டும் எழுத்துகள், இதய வடிவத்திற்குள் மணமக்கள், ஓயாத சினிமாப் பாட்டு என்று படம் போய்க்கொண்டே இருந்தது. சோதனைக்காக நடந்து போகும் ஒருவரை நிறுத்திப் பார்த்தேன். முகத்தின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அசையும் படம் என்று ஒன்று உண்மையில் இல்லை. அசையாத படங்களின் வரிசையே உண்டு. 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்று அறிய முயன்றார். ஓடுபாதை நெடுகிலும் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குதிரை ஓடும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுக்கச் செய்தார். கால்கள் நான்கும் எழும்புவது உண்மையே என்று அப்படங்கள் காட்டின. ஓடும்போது கண்ணுக்குத் தெரியாதது நின்றபோது தெரிந்தது. நம் நாட்டில் வழங்கிய வீடியோ முறையிலோ ஒரு வினாடிக்கு 25 படங்கள். 2 மணி 40 நிமிடத்திற்குக் கணக்கிட்டால் 2,40,000 படங்கள். அவற்றுள் அப்பத்தா இருக்கும் படங்கள் நூறோ என்னவோ. அவற்றைத்தான் நான் தேட வேண்டும்.

இதற்கு உதவும் கருவியின் பெயர் எஃப்எஃப்எம்பெக். 2000ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபேப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. விலை கிடையாது. பொத்தான்களோ வண்ணப் பலகைகளோ கிடையா. கறுத்த திரையில் ஒரு வரி எழுதி என்டர் விசையைத் தட்டினால், சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. நாம் தவறாகச் சொன்னால் அந்தத் தவற்றையும் அப்படியே செய்து முடிக்கும். அதை நான் முதல் இரவே அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

கோப்பின் பெயரைக் கொடுத்து, வெளியே வர வேண்டிய படங்களுக்கு வரிசை எண் இடுமாறு மட்டும் சொல்லி, என்டரைத் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். ஒரு படத்தையும் விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். பி.என்.ஜி. என்னும் வகையில், தரம் சிறிதும் குறையாமல் எழுதச் சொல்லியிருந்தேன். அப்படி எழுதினால் இந்தப் படம் ஒன்று ஏறத்தாழ 700 கிலோபைட் இடத்தைப் பிடிக்கும். மடிக்கணினியில் காலியாக இருந்ததோ 50 ஜிகாபைட். காலையில் பார்க்கிறேன்: 71,000 படங்களைத் தாண்டியதும் இடம் தீர்ந்து வேலை நின்றிருந்தது. அத்தனையும் சேர்ந்து முதல் 47 நிமிடத்துப் படங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கூட முடியவில்லை! அவை இருந்த உறையைத் திறந்தாலே மடிக்கணினி திணறியது. எல்லாவற்றையும் அழிப்பதற்கே அரைக் காலைப் பொழுது போயிற்று.

அன்று கல்லூரியில் எங்கள் பேராசிரியை ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்க ஊர்ல கிணத்துல வாளி விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"பாதாளக் கரண்டி போட்டு எடுப்போம் மேடம்."

"நீ கிணத்தையே இறைச்சிருக்க."

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுதினால் அது மிகை. ஆனால் எங்கே தவறினேன் என்பது விளங்கியது. அதன்பின் அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியதை என் தோழர்களுக்கும் பயன்படும் என்று இங்கே சொல்கிறேன்.

டிவிடியில் உள்ள 25 படங்களும் முழுப் படங்களாகச் சேமிக்கப்படுவதில்லை. அப்படிச் சேமித்தால் ஒரு கல்யாணத்திற்கு ஒரு பெட்டி நிறைய வட்டுகள் வேண்டும். வகுப்பு வருகைப் பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை எல்லார் பெயரையும் முழுதாக எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமை "நேற்றைப் போலவே, இன்னார் இருவர் மட்டும் வரவில்லை" என்று எழுதினால் போதுமல்லவா? அதுபோல எப்போதாவது ஒரு முழுப் படம். அதையடுத்து வருபவை முன்பின் படங்களைச் சார்ந்து மாறுதலை மட்டும் குறிக்கும் அரைகுறைப் படங்கள். முழுப் படத்தைக் கீ ஃபிரேம் என்பார்கள். டிவிடியில் பெரும்பாலும் 12 முதல் 15 படங்களுக்கு ஒன்று வீதம், அதாவது வினாடிக்கு இரண்டு வீதம் அது வரும். இன்று கைப்பேசியிலும் இணையத்திலும் வரும் கோப்புகளில் இந்த இடைவெளி பல வினாடிகளாகவும் இருக்கக்கூடும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. ஒன்று, மேலோட்டமாகத் தேடும்போது கருவி முழுப் படங்களை மட்டும் விரித்துப் பார்த்தால் போதும். 'ஸ்கிப் ஃபிரேம்' என்று எழுதி அதனருகே 'நோ கீ' என்று கொடுத்தால், இடையிலுள்ள அரைகுறைப் படங்களை அது தொடாமலே தாண்டிப் போகும். வேலையின் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடும்.

இரண்டாவது, நாம் ஒரு குறிப்பிட்ட நேரத்திற்குத் தாவ விரும்பினால் அந்த நேரத்தை எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பது முக்கியம். நேரத்தைக் குறிக்கும் சொல் 'எஸ்எஸ்'. கோப்பைக் குறிப்பது 'ஐ'. எஸ்எஸ்ஸைக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதினால், கருவி அந்த நேரத்திற்குச் சற்று முன்னுள்ள முழுப் படத்திற்கு நேரே தாவி, அங்கிருந்து விரித்துக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் நிற்கும். அதையே பின்னால் எழுதினால், முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாக விரித்து, வேண்டாதவற்றை எறிந்துகொண்டே வரும். கிடைக்கும் படம் ஒன்றுதான். ஆனால் ஒன்று புத்தகத்தில் பக்க எண் பார்த்துத் திறப்பது. மற்றது முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே வருவது.

அன்றிரவு பாதாளக் கரண்டியைப் போட்டேன். முழுப் படங்களை மட்டும் பார்த்து, 10 வினாடிக்கு ஒரு படம் வீதம் எடுக்கச் சொன்னேன். 2,40,000 என்பது 960 ஆயிற்று. அந்த 960ஐயும் சிறிதாக்கி, வரிசைக்கு 6 வீதம் 8 வரிசைகளாக ஒரே தாளில் ஒட்டுமாறு, 'டைல்' என்னும் வசதியைச் சேர்த்துக்கொண்டேன். ஒரு தாளுக்கு 48 படங்கள். மொத்தம் 20 தாள்கள். நான் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சற்று நேரம் உட்கார்ந்திருப்பதற்குள் அவ்வளவும் முடிந்துவிட்டது.

முடிந்தது என்றால் என் வேலை முடிந்தது. அப்பத்தாவை நான் கண்டதில்லையே! எந்தக் கட்டளைக்கும் அவர் முகம் தெரியாது. அதை அறிந்த கண்கள் அந்த வீட்டில் இரண்டே இரண்டு. அவை ஐம்பது வயதை நெருங்கிய, பகலெல்லாம் லாரி ஓட்டிச் சிவந்த கண்கள். அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. இந்தச் சிக்கனமெல்லாம் கணினிக்காக அன்று. கணினி எத்தனை லட்சம் படங்களையும் களைக்காமல் எடுத்துக் கொடுக்கும். களைப்பது மனிதன் கண். அந்தக் கண்ணைத் தேவையில்லாமல் ஒரு முறைகூட அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு கணக்கும்.

மறுநாள் மாலை அப்பா குளித்துவிட்டு வந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். தாள் தாளாகக் காட்டினேன். அவர் அப்பத்தாவை மட்டுமா தேடினார்? "இவரு செத்துப் போயிட்டாரு... இந்தா பாரு, ஒங்க சின்னத்தாத்தா, எம்புட்டு முடி!... இந்தப் புள்ள இப்ப திருப்பூர்ல இருக்கு..." என்று ஊரே எழுந்து வந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

14ஆம் தாளில் நான்காம் வரிசை, இரண்டாம் படம். நீளமாக விரித்த வாழை இலைகள். "பந்தி இங்கதான் ஆரம்பம்" என்றார். கணக்குப் போட்டேன். 13 தாள்களுக்கு 624; இந்தத் தாளில் இருபதாவது; ஆக 644ஆவது படம். முதல் படத்தைத் தொடக்கமாகக் கொண்டால் 6,430ஆவது வினாடி, அதாவது 1 மணி 47 நிமிடம் 10 வினாடி. பந்தி 12 நிமிடம் நீடித்தது. அந்த 12 நிமிடத்திற்கு மட்டும், இப்போது வினாடிக்கு ஒரு படம் வீதம் எடுத்தேன். 720 படங்கள், 15 தாள்கள்.

ஏழாம் தாளைக் காட்டியபோது அப்பாவின் விரல் திரையைத் தொட்டது.

"நில்லு ஆத்தா."

நான் நின்றேன். ஐந்தாம் வரிசை, மூன்றாம் படம். கட்டைவிரல் நகத்தளவு. இலைகளின் வரிசைக்குப் பின்னால் ஒரு பெண். வலக்கையில் வாளி. அடுத்தடுத்த மூன்று படங்களிலும் அவர் இருந்தார். ஐந்தாவதில் இல்லை. அப்பா விரலை எடுக்கவே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க?" என்றார். அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை.

பந்தியின் தொடக்கத்திலிருந்து 314 வினாடி. ஆக 1 மணி 52 நிமிடம் 24 வினாடி. ஒரு வினாடி முன்னதாகவே தொடங்கி, 6 வினாடிக்கு மட்டும் ஒரு படத்தையும் விடாமல் எடுக்கச் சொன்னேன். 150 படங்கள். இங்கே சிக்கனம் பார்க்கவில்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரியாதபோது குறைவாக எடுப்பதும், தெரிந்தபின் ஒன்றையும் விடாமல் எடுப்பதுமே இதன் முறை. முதல் இரவு நான் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன். படங்களைப் பி.என்.ஜி.யாகவே எடுத்தேன். ஜேபெக் என்னும் வகை இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்காக நுணுக்கங்களில் சிலவற்றைக் கைவிடும். ஏற்கெனவே கேசட்டில் பாதியும் டிவிடியில் மீதியுமாக இழந்துவந்த முகம் அது. இன்னும் இழக்க என்ன இருக்கிறது?

சீப்புப் பல் கோடுகள் இன்னும் இருந்தன. அவற்றின் காரணமும் இப்போது தெரிந்தது. அக்கால வீடியோவில் ஒரு படம் என்பது இரண்டு அரைப் படங்களின் பின்னல். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு வினாடி கழித்தும் பதிவாகும். ஆள் அசையாவிட்டால் இரண்டும் பொருந்தும், நடந்தால் பிசகும். 'யாடிஃப்' என்னும் வடிகட்டி அந்தப் பின்னலைப் பிரித்து, இடையில் விடுபடும் வரிகளை அக்கம் பக்கத்தைக் கொண்டு நிரப்பும். பிரித்த ஒவ்வோர் அரைப் படத்தையும் தனிப் படமாகவே தருமாறு சொன்னேன். 150 என்பது 300 ஆயிற்று. அப்பத்தா கேமராவைக் கடந்த அந்தச் சிறுபொழுது இரண்டு மடங்கு விரிந்தது.

இன்னொரு திருத்தமும் தேவைப்பட்டது. டிவிடியில் படத்தின் அகலம் 720 புள்ளி, உயரம் 576 புள்ளி. அப்படியே அச்சிட்டால் எல்லாரும் சற்று ஒடுங்கித் தெரிவார்கள். ஏனெனில் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. அகலத்தை 768 ஆக்கினால்தான் பழைய தொலைக்காட்சியில் பார்த்த உருவம் கிடைக்கும். அப்பா முதலில் பார்த்துவிட்டு, "ஆத்தா இம்புட்டு ஒல்லி கெடையாதே" என்று சொன்னதற்குப் பிறகே எனக்கு இது நினைவுக்கு வந்தது. கணக்கு பிசகியதை அவர் நினைவு கண்டுபிடித்தது.

முந்நூறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பலவற்றில் முகத்தைத் தூண் மறைத்தது. சிலவற்றில் வாளியின் ஆவி மறைத்தது. விளக்கு வெளிச்சம் மேலே பட்டதும் அப்பத்தா ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறார். உடனே இடக்கை முந்தானையை நோக்கிப் போகிறது. திரும்பியதற்கும் முந்தானை முகத்தை மறைத்ததற்கும் இடையில் உள்ளவை ஏழே படங்கள். அதாவது ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு நேரம். அந்த ஏழில் ஐந்தாவது படத்தில் கண் திறந்திருக்கிறது. உதட்டில் சிரிப்பு தொடங்குகிறது.

என் அப்பத்தாவை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நகரத்தில் ஓர் அச்சுக் கடைக்குப் போனோம். கடைத் தம்பி நல்ல மனத்தோடுதான் சொன்னார்: "ரொம்ப மங்கலா இருக்குண்ணே. செயற்கை நுண்ணறிவுல போட்டுத் தெளிவாக்கித் தர்றேன்." சிறிது நேரத்தில் திரையில் ஓர் அம்மாள் தோன்றினார். தோல் பளபளத்தது. புருவம் இழை இழையாகத் தெரிந்தது. பல் வரிசை முத்துப் போல இருந்தது. நான்கூட ஒரு கணம் மகிழ்ந்துவிட்டேன்.

அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது எங்க ஆத்தா இல்ல" என்றார்.

உண்மைதான். மூலப் படத்தில் முகத்தின் உயரம் எண்பது தொண்ணூறு புள்ளிகளே. அதில் இல்லாத புருவ இழையை எந்தக் கருவியும் கண்டெடுக்க முடியாது. புதிதாகத்தான் உண்டாக்க முடியும். எத்தனையோ பேர் முகங்களைக் கற்ற கருவி, அப்பத்தாவின் மங்கலான முகத்தின்மேல் ஒரு பொது முகத்தை வரைந்துவிட்டது. அப்பத்தாவுக்கு முன்பல் சற்று எடுப்பு என்பார் அப்பா. அந்த அம்மாளுக்கு அது இல்லை. எடுப்பதும் படைப்பதும் வேறு வேறு என்பதை வகுப்பில் கேட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் கண்டேன்.

"மங்கலாவே இருக்கட்டும். சின்னதாப் போட்டுக் குடுங்க" என்று சொன்னோம். சிறிதாக அச்சிட்டால் புள்ளிகள் நெருங்கி, மங்கல் அவ்வளவாகத் தோன்றாது. நான் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்றேன். சுவரில் மாட்டும் படத்தில் சாம்பார் வாளி எதற்கு என்பது என் எண்ணம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"வாளியும் இருக்கட்டும் ஆத்தா. அதத் தூக்கித்தான என்னையப் படிக்க வச்சுச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். படத்தின் புள்ளிக் கணக்கு முழுவதும் எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் எது முக்கியம் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்புத் தோழர்களே! உங்கள் வீட்டிலும், உறவினர் வீட்டிலும், பரணிலோ பீரோவிலோ இப்படிக் கேசட்டுகளும் வட்டுகளும் கிடக்கும். அவற்றின் உறையில் மணமக்களின் பெயர் மட்டுமே எழுதியிருக்கும். ஆனால் உள்ளே பந்தியில் பரிமாறியவர், பாய் விரித்தவர், மேளம் வாசித்தவர், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர் என்று எத்தனையோ பேர், யாரும் அழைக்காமலே பதிந்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு உலகத்தில் வேறு படமே இல்லாமல் இருக்கலாம். காந்த நாடா நாளாக ஆக மங்கும், வட்டு கீறும், அதை ஓடவைக்கும் கருவிகளும் கடைகளிலிருந்து மறைந்துகொண்டே வருகின்றன. காலம் இருக்கும்போதே ஒரு படி எடுத்து வையுங்கள். பிறகு, முகம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தேடுங்கள். கருவியைக் கற்பது ஒரு வாரத்து வேலை. பெரியவர்கள் எத்தனை நாளைக்கு நம்மோடு இருப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

சென்ற ஆடி அமாவாசையன்று வழக்கம்போலச் சேலையை மடித்து வைத்தோம். அதற்குமேலே, இரண்டாவது ஆணியில், உள்ளங்கை அகலத்திற்கு ஒரு படம் தொங்கியது. வாழை இலைகளும், ஒரு தூணின் ஓரமும், ஆவி பறக்கும் வாளியும், திரும்பிப் பார்க்கும் ஒரு பெண்ணும். அப்பா வழக்கம்போலக் கண்ணை மூடிக் கும்பிடவில்லை. திறந்த கண்ணோடு பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பார்த்தேன்.